பன்னிரண்டே படங்கள்

படம் பிடிப்பது இக்காலத்தில் மூச்சு விடுவதைப் போல எளிதாகிவிட்டது. கைத்தொலைபேசியை உயர்த்தினால் ஒரு படம். மீண்டும் உயர்த்தினால் இன்னொன்று. ஓராண்டில் எடுத்தவற்றை எண்ணப் புகுந்தால் எண்ணிக்கை மிஞ்சுமேயன்றி முகம் எதுவும் நினைவில் நில்லாது. இத்தகைய நாளிலே, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள் தரும் பழைய கமரா ஒன்றை நாம் பழகத் தொடங்கியபோது வீட்டார் எம்மை ஐயத்துடன் நோக்கியதில் வியப்பொன்றுமில்லை.

கமரா யப்பான் தேசத்து யஷிக்கா மற் 124 ஜீ. 1970 முதல் 1986 வரை செய்யப்பட்ட இனம். ஜெர்மனியில் பிறவுண்ஸ்வைக் நகரத்தார் 1929இல் வெளியிட்ட றோலிபிளெக்ஸின் வழித்தோன்றல் எனலாம். பெட்டி போன்ற உடல். முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு வில்லைகள். மேல் வில்லை நாம் பார்ப்பதற்கு. கீழ் வில்லை பிலிம் பார்ப்பதற்கு. மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து நோக்கினால், தேய்த்த கண்ணாடியொன்றிலே உலகம் சதுரமாய்ப் படிந்து கிடக்கும். சதுரம் மட்டுமா? இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும். படலையை நோக்கி ஓடும் கோழி கிணற்றடியை நோக்கி ஓடுவதாகத் தோன்றும். அதைத் தொடர எண்ணிக் கமராவை அது போகும் பக்கம் திருப்பினால் கோழி இன்னும் விரைவாய் மறைந்துவிடும். விதிகளைப் படித்து இதை வெல்ல இயலாது. சைக்கிள் ஓட்டுவதைப் போலக் கைதான் பழகவேண்டும். பிலிம் இன்றியே இரு கிழமைகள் முற்றத்துக் கோழிகளுடன் பழகினோம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எமது அம்மம்மாவுக்கு வயது தொண்ணூற்றொன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்த குடும்பங்களில் எமதும் ஒன்று. காணி உறுதிகளும் அடையாள அட்டைகளும் ஒரு பையில் வந்தன. அல்பங்கள் கனமென்று அலுமாரியிலேயே விடப்பட்டன. திரும்பி வந்தபோது சுவர்கள் நின்றன, அலுமாரி இல்லை. அம்மம்மாவின் கலியாணப் படமும் அதனோடு போயிற்று. பின்னர் தொலைபேசிகளில் எடுத்த படங்களோ, தொலைபேசி மாறுந்தோறும் எங்கோ தொலைந்தன. பிலிம் என்பது கையால் தொடக்கூடிய பொருள். ஒரு கடித உறைக்குள் அடங்கும். பார்க்க மின்சாரமும் வேண்டாம். சன்னல் வெளிச்சமே போதும்.

இக்கமராவுக்குரிய 120 என்னும் பிலிமைக் கொடாக் நிறுவனத்தார் 1901இல் வெளியிட்டனர். அது இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. மலிவென்று மட்டும் சொல்ல முடியாது. பிலிமின் முதுகோடு கறுத்த தாளொன்று சுற்றப்பட்டிருக்கும். தாளிலுள்ள அம்புக்குறி கமராவினுள் உள்ள குறிக்கு நேரே வரும்வரை சுற்றிப் பின்கதவை மூடவேண்டும். கைபிடியைச் சுழற்றினால் முதற்படத்தில் தானாக நிற்கும். ஒவ்வொரு படமும் 56 மில்லிமீற்றர்ச் சதுரம். சாதாரண 35 மில்லிமீற்றர்ப் பிலிமின் படத்தைவிட மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட பரப்பு. நரம்பும் சுருக்கமும் நூலிழையும் தெளிவாய்ப் படிவது இதனாலேயே.

எமது கமராவின் ஒளிமானி உறங்கிவிட்டது. அது வேண்டும் இரசப் பசைமின்கலம் இப்போது விற்கப்படுவதில்லை. ஆகவே பழையவர்களின் கணக்கையே பிடித்துக்கொண்டோம். நல்ல வெயிலில் துவாரம் 16. ஷட்டர் வேகம் பிலிமின் வேக எண்ணுக்கு ஒத்தது. 125 வேகப் பிலிமுக்கு ஒரு செக்கனில் 125இல் ஒரு பங்கு. வெளி நிழலில் துவாரத்தை 5.6க்குத் திறக்கலாம். எமது விறாந்தையோ அதனினும் இருண்டது. அங்கு துவாரம் 4, வேகம் 60இல் ஒரு பங்கு. யாழ்ப்பாணத்து வெயிலை வாழ்நாள் முழுதும் வைதிருக்கிறோம். அதை அளந்து பார்த்தது இதுவே முதற்றடவை.

அம்மம்மாவை விறாந்தைக் கதிரையில் இருத்தி, ஒன்றரை மீற்றர் தூரத்தில் நின்றோம். அந்தத் தூரத்தில், அந்தத் துவாரத்தில், தெளிவாய் விழும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. மூக்கைக் குவியப்படுத்திவிட்டால் கண் மங்கலாம். எனவே உருப்பெருக்கிக் கண்ணாடியை எழுப்பி, அருகிலுள்ள கண்ணின் இமைமயிரைத் தேடிப் பிடிக்கவேண்டும். பிடிப்பதற்குள் அம்மம்மா சற்றே முன்னால் சாய்ந்தார். மீண்டும் தேடினோம்.

"என்ன மோனை, கும்பிட்டுக்கொண்டே நிக்கிறாய்? எடன் படத்தை" என்றார்.

அவர் சிரித்தார் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை, ஸ்ரூடியோவில் இருப்பவரைப் போலவே நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, வில்லையை நேரே பார்த்தார். அவர் பழகியது அந்த முறை. நாம் அதை மாற்ற முயலவில்லை. ஷட்டர் மெல்லிய ஒலியொன்றைத்தான் எழுப்பியது. எடுத்தாயிற்றா என்று அவர் இருமுறை கேட்டார். ஒரு மணித்தியாலத்தில் பன்னிரண்டும் முடிந்தன.

கழுவும் வேலையில் எம் ஊர்க் காலநிலை பகையாயிற்று. மருந்து நீர் 20 பாகைச் செல்சியசில் இருப்பது நன்று. எமது குழாய்நீரோ முப்பதை நெருங்கும். பனிக்கட்டி நிறைந்த வாளியில் போத்தல்களை நிறுத்திக் காத்திருந்தோம். இருட்டறைக்குள் பிலிமைச் சுருளியில் ஏற்றுகையில் விரல் வியர்த்தால் பிலிம் ஒட்டிக்கொள்ளும். துவாயொன்றை மடியில் வைத்து அடிக்கடி கை துடைத்தோம். பின்னர் உருத்துலக்கி, நிறுத்தி, நிலைப்படுத்தி என ஒன்றன்பின் ஒன்றாய் ஊற்றி, நீரில் கழுவிக் கொடியில் தொங்கவிட்டோம்.

பன்னிரண்டில் ஐந்து மங்கல். முதியவர் அசைவார், அதற்கென்ன செய்வது? ஏழு தெளிவு. அவற்றுள் ஒன்றில் இடக்கையின் நரம்புகள்கூடத் தெரிந்தன. காய்ந்த பிலிமை அம்மம்மா தாமே வாங்கிச் சன்னலுக்கு நேரே பிடித்தார். நெகற்றிவ் அல்லவா, நரைத்த தலை அதில் கன்னங்கரேலென்றிருந்தது.

"மயிர் கறுத்துப்போச்சு. இப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

மும்மூன்று படங்களாய் நான்கு துண்டுகளாக வெட்டி, உறையிலிட்டு, மேலே திகதியைப் பென்சிலால் எழுதினோம். உறையை அம்மா வாங்கிக் காணி உறுதிகள் இருக்கும் பைக்குள் வைத்தார்.