அலமாரித் தாள்கள்

ஜூலை 3
2024இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாயிற்று. ஆட்டோக்காரருக்கு இன்னும் போர்ட் பிளேர்தான். அக்காவுக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. புத்தி தெளிவு, நாக்குதான் புரளவில்லை. வலக்கை பிழைத்ததே, எழுதிக் காட்டட்டும் என்றார் மருத்துவர்.

ஜூலை 4
நோட்டு தேடி அபர்டீன் பஜார். மணிக்கூண்டுப் பக்கம் தமிழர் கடை. கோடு போடாதது வேண்டுமென்றேன். "கப்பல் வந்தாதாம்மா. எல்லாம் மெயின்லேண்ட் சரக்கு." கிடைத்தது ஒரு ரெக்கார்டு நோட்டு, ஈரக்காற்றில் ஓரமெல்லாம் நெளிந்து.

பிளாரன்சில் பாசிக் கூழ் நிரப்பிய தொட்டியில் நிறங்களைத் தெளித்து, சீப்பால் இழுத்து, மேலே தாளைக் கிடத்தி எடுப்பார்கள். ஒரு தாளின் கோலம் இன்னொன்றில் வராது. அமால்பியில் கந்தல் துணிக் கூழில் செய்த தாள், வெனிசில் கடித உறைகள். நான் எங்கே போனாலும் அக்காவுக்கு வாங்கி வருவது இவைதான். கனமில்லை, உடையாது, என் ரசனையும் தெரியும்.

ஜூலை 5
தூக்கமில்லை.

ஜூலை 9
மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அலமாரி மேல்தட்டில் நான் தந்த அத்தனையும், உறைகூடப் பிரிக்காமல். பிரித்தால் பூஞ்சை வாடை, பழுப்புப் புள்ளிகள். மை ஊறிப் பரவாமலிருக்கத் தாளுக்கு ஜெலட்டின் பூசும் வித்தையை 13ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டவர்கள் இத்தாலியின் ஃபேப்ரியானோ ஊர்க்காரர்கள். நான் வாங்கியது அந்தப் பழைய முறைத் தாள். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்த ஊரில் பூஞ்சைக்கு அந்தப் பசைதான் சோறு.

கோபம் வந்தது. எழுதாமல் எதற்குப் பூட்டி வைத்தாள்?

"நல்ல சேதி ஏதாவது இருந்தா எழுதலாம்னு சொல்லிட்டே இருப்பா" என்றார் அத்தான்.

ஜூலை 10
1906இல் கட்டி முடித்த செல்லுலார் ஜெயிலின் ஏழு கிளைகளில் மூன்றே மிச்சம். இடித்த இடத்தில்தான் மருத்துவமனை. அந்நாளில் கைதிக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம்தான் அனுமதி. அந்தக் கணக்கில் அலமாரியில் இருப்பது பல ஆயுள் தண்டனைகளுக்குப் போதும்.

ஜூலை 14
புள்ளி விழாத தாள் ஒன்றைத் தேடி எடுத்துப்போய் அவள் மடியில் வைத்தேன். தள்ளிவிட்டு, ரெக்கார்டு நோட்டை இழுத்தாள். கோணல்மாணலாக: "வீணாக்காதே. கேஸ் புக் பண்ணியா?"

ஜூலை 15
பண்ணினேன். சென்னைக்குக் கூட்டிப்போகலாமா என்று திங்கட்கிழமை சொல்வார்களாம்.