குரங்கணி அடிவாரத்தில்

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சிநேகிதர்கள் நால்வர் ஏலக்காய் வியாபாரத்திற்குப் பேர்போன போடிநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கிக் குரங்கணி சென்றோம். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கிவந்த மலைச் சரிவு அது.

மேலே உலர்ந்த புல் பொன்மயமாய் அலையடித்தது. "ஏறுவோம், வாருங்கள்!" என்று துள்ளினார் நண்பர் ஒருவர். வனக் காவலர் தடுத்தார்: "கோடை முடியட்டும், ஐயா." நண்பருக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம்!

ஆனால், நேயர்களே, அந்தப் பொன்தான் நெருப்புக்கு இரை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமையன்று, கொழுக்குமலையிலிருந்து இறங்கிய விடுமுறைப் பிரயாணிகளைக் காட்டுத் தீ இங்கேதான் சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் மாண்டனர். மேட்டில் ஏறும் தீயை மனிதனுடைய கால்கள் முந்த முடியாது.

இதைக் காவலர் சொன்னதும் நண்பர் மௌனமானார். தேநீர் அருந்தித் திரும்பினோம். மலை எங்கே ஓடிவிடப் போகிறது?