தூக்கிப் போடச் சொன்ன கம்ப்யூட்டர்

பிரஷர் குக்கரில் விசில் வரவில்லை என்றால் நாம் குக்கரையா தூக்கிப் போடுகிறோம்? காஸ்கெட்டைப் பார்க்கிறோம், வெயிட்டைப் பார்க்கிறோம், எது போயிருக்கிறதோ அதை மாற்றுகிறோம். மிக்ஸி உறுமுகிறது, ஜார் மட்டும் சுற்றவில்லை என்றால் அடியிலிருக்கும் கப்ளரை வாங்கி மாட்டுகிறோம். தையல் மிஷினுக்குப் பெல்ட், ஃபேனுக்குக் கண்டென்ஸர் என்று எந்தச் சாமானில் எது கெட்டது என்று கண்டுபிடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மட்டும், யாராவது ஒருத்தர் வந்து "போச்சு" என்று சொன்னால் போதும், நாமும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். அதன் வயிற்றுக்குள்ளும் கழற்றி மாட்டுகிற உறுப்புகள்தான் இருக்கின்றன. 2022ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அவற்றில் ஒன்றை என் கையாலேயே மாற்றினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்தபடியே டி.டி.பி. வேலை செய்கிறவள். திருவல்லிக்கேணிப் பக்கம் இரண்டு மூன்று அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கருமாதிக் கடிதம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். கம்ப்யூட்டர் 2010இல் வாங்கியது. பேஜ்மேக்கரும், யூனிகோடு பழக்கத்துக்கு வருமுன் இருந்த தமிழ் எழுத்துகளும், பன்னிரண்டு வருஷமாக நான் அமைத்து வைத்த பத்திரிகை மாதிரிகளும் அதில்தான் இருந்தன. அதிலிருந்த விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அன்று முதல் அதற்கு இன்டர்நெட்டே கொடுப்பதில்லை. வேலை முடிந்ததும் பென் டிரைவில் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. கம்பெனியில் ஆட்குறைப்பு. பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். ஆடி முடிந்தால் ஆவணி, ஆவணி பிறந்தால் முகூர்த்தம். அந்தப் பத்திரிகை வேலை வரும், வந்தால் ஃபீஸ் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு நாள் திரையில் பச்சைப் பச்சையாகக் கோடு விழுந்தது. மறுநாள் கோடுகளோடு சின்னச் சின்னக் கட்டங்கள், கோலப்பொடியைச் சிந்தின மாதிரி. அப்புறம் வேலை நடுவிலேயே படம் உறைந்து நின்றுவிடும், இல்லை திரை கறுத்துவிடும். அந்த மினுக்கலைப் பார்த்துப் பார்த்துச் சாயந்திரமானால் எனக்குத் தலைவலி.

பழுது பார்க்க ஒருவரை வரவழைத்தோம். வந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "பன்னெண்டு வருஷ மிஷின் அக்கா, போர்டு போயிடுச்சு. இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வராது. நாப்பத்தஞ்சாயிரத்துல புதுசு போட்டுத் தரேன். பழசை நானே எடுத்துக்கிறேன், ஐந்நூறு ரூபா கழிச்சுக்குங்க" என்றார்.

அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் மெதுவாக, "அந்த ரெண்டு வளையலை வச்சா கிடைக்கும்மா" என்றார். அந்த வளையல் இரண்டும் என் அம்மா போட்டது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்திருப்பது. "ரெண்டு நாள் பொறுங்க. என்ன வியாதின்னு தெரியாம ஆபரேஷனுக்குப் பணம் கட்டறதா?" என்றேன்.

எதிர் வீட்டில் பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். கேட்டேன். நல்ல டாக்டர் மாதிரி முதலில் கேள்விதான் கேட்டான். "ஆன்ட்டி, கோடு எடுத்த எடுப்பிலேயே வருதா, விண்டோஸ் வந்தப்புறம் வருதா?" சுவிட்ச் போட்டவுடன் வரும் கறுப்புத் திரையிலேயே வந்தது. அப்படியானால் கோளாறு விண்டோஸில் இல்லை, சாமானில்தான் என்றான்.

அடுத்து, மானிட்டர் ஒயரைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் மட்டும் பிடுங்கச் சொன்னான். சிக்னல் இல்லை என்று மானிட்டர் தானாக ஒரு அறிவிப்புக் காட்டுமே, அது பளிச்சென்று கோடில்லாமல் வந்தது. ஆக மானிட்டருக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. வேறு ஒயர் போட்டுப் பார்த்தோம், கோடு போகவில்லை. காலணா செலவில்லாமல் மூன்று சந்தேகம் தீர்ந்தது. மிச்சம் இருந்தது கிராஃபிக்ஸ் கார்டு.

அது என்ன என்கிறீர்களா? கம்ப்யூட்டர் போடுகிற கணக்கையெல்லாம் படமாக்கித் திரைக்கு அனுப்புகிற பலகை. என் கம்ப்யூட்டரில் அது தனியாக, மதர் போர்டில் செருகியிருந்தது. நம் கோப்புகள் இருப்பது ஹார்டு டிஸ்கில். கார்டு கெட்டால் படம்தான் போகும், பன்னிரண்டு வருஷ வேலை போகாது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அன்று சாப்பாடு இறங்கியது.

மூடியைத் திறந்தால், அப்பப்பா! தலையணை பிரிந்த மாதிரி தூசி. கார்டின் மேலிருக்கிற குட்டி விசிறி சுற்றவே இல்லை. மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் பண்ணி மறுபடி செருகினோம். இரண்டு மணி நேரம் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதை. சூட்டை வெளியேற்ற சில்லுக்கு மேலே ஒரு பசை தடவியிருப்பார்கள். நாளாவட்டத்தில் அது காய்ந்துவிடும். விசிறியும் நின்றுவிட்டால் சில்லு கொதிக்கும், அணைத்தால் ஆறும். இப்படிச் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, சில்லின் அடியில் பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் விட்டுவிடும். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

கார்டைக் கேக் சுடும் அவனில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று சிலர் செய்து காட்டுகிறார்களாம். பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். தயவு செய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பிழைத்தாலும் கொஞ்ச நாளைக்குத்தான். பிளாஸ்டிக்கும் ஈயமும் புகைந்த அடுப்பில் அப்புறம் குழந்தைகளுக்குப் பிஸ்கட் சுடுவதா?

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ரவிக்கை கொண்டு போவோம் இல்லையா? அதே மாதிரி பழைய கார்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மானிட்டரின் பின்பக்கம், மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் லேபிள், கம்ப்யூட்டரின் உள்பக்கம் மூன்றையும் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். முதல் கடையில் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார்கள். என் மானிட்டரில் இருப்பது பழைய நீல நிற வி.ஜி.ஏ. துளை. அந்தக் கார்டில் அது இல்லை. வேண்டாம் என்று அடுத்த கடைக்குப் போனேன்.

வாங்கப் போகிறவர்கள் நாலு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, மானிட்டர் ஒயருக்குப் பொருந்தும் துளை. இரண்டு, மின்சாரம். செருகும் இடத்திலிருந்து கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். அதற்கு மேல் தின்கிற கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வேண்டும். மூன்று, நீள அகலம். ஒல்லிப் பெட்டியாக இருந்தால் குட்டைக் கார்டும் அதற்கேற்ற தகடும் கேட்க வேண்டும். நாலு, நம் மதர் போர்டின் வயசு. புதுக் கார்டுகளில் சில, பழைய போர்டில் படமே காட்டாது. ஆகையால் போர்டின் பெயரைச் சொல்லி, ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

நான் வாங்கியது என்விடியா ஜிடி 710. அது தின்பது 19 வாட்தான், ஒரு எல்.இ.டி. டியூப் லைட் அளவு. பத்திரிகை அடிக்க அதுவே தாராளம். விலை நாலாயிரத்துச் சொச்சம், மூன்று வருஷ வாரண்டி.

மாட்டும்போது, "நீங்களே பண்ணுங்க ஆன்ட்டி, நான் சொல்றேன்" என்று பையன் ஒதுங்கிக்கொண்டான். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிய பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தினேன். கம்ப்யூட்டரைப் படுக்க வைத்தேன். நூல் புடவைதான் கட்டியிருந்தேன். சிந்தெடிக் புடவை உரசினால் நம் உடம்பில் ஏறுகிற நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது. பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பது நல்லது. தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, செருகிய இடத்தின் முனையில் இருக்கும் சின்னக் கொக்கியை விரலால் தள்ளினால் பழைய கார்டு கையோடு வரும். புதியதை ஓரங்களில் மட்டும் பிடித்து, பொன்னிறப் பற்களில் விரல் படாமல், நேராக வைத்து அழுத்தினேன். 'டக்' என்று கொக்கி விழுந்தது. ஸ்க்ரூவை முடுக்கியாயிற்று. எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும்.

சுவிட்ச் போட்டேன். படம் வந்தது, எழுத்தெல்லாம் யானை யானையாக. பயப்பட வேண்டாம், புதுக் கார்டுக்கான டிரைவர் போடும்வரை அப்படித்தான் இருக்கும். பழைய டிரைவரை எடுத்துவிட்டு, பையன் பென் டிரைவில் கொண்டு வந்ததைப் போட்டதும் திரை கண்ணாடி மாதிரி ஆயிற்று. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எனக்கு ஒரு காபி போட்டுக் கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்!

ஆவணியில் முப்பத்தோரு பத்திரிகை அடித்தேன். ஃபீஸ் கட்டியாயிற்று. வளையல் பீரோவிலேயே இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இப்படி வந்தால் முதலில் பின்பக்கம் பாருங்கள். நிறையக் கம்ப்யூட்டர்களில் மதர் போர்டிலேயே இன்னொரு படத் துளை இருக்கும். கார்டைக் கழற்றிவிட்டு ஒயரை அதில் மாட்டினால் படம் வந்துவிடலாம். சாதாரண வேலைக்குப் புதுக் கார்டே தேவையிராது. எல்லாப் பழசையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதர் போர்டே போனாலோ, பாங்க் வேலை, இன்டர்நெட் வேலை எல்லாம் அதில்தான் என்றாலோ கணக்கு வேறு. விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. கார்டை மாற்றினால் படம் திரும்ப வருமே தவிர விண்டோஸின் வயசு குறையாது.

கழற்றின கார்டைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதை எரித்தாலும் மண்ணில் புதைத்தாலும் ஈயம் போன்ற விஷங்கள் காற்றிலும் தண்ணீரிலும் கலக்கும். மின்னணுக் கழிவு எடுத்துக்கொள்ளும் மையத்திலோ, வாங்கிக்கொள்கிற கடையிலோ கொடுங்கள். தூக்கிப் போடச் சொல்கிறவரிடம், "எந்த உறுப்பு போச்சு? எப்படித் தெரிந்தது?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் உங்கள் பணத்தைக் கொடுங்கள்.