மூன்று கிலோஹெர்ட்ஸ் தூரம்

இயர்போன் பைத்தியங்களுக்கு என்று தனி மொழி ஒன்று இருக்கிறது. "அகலம் ஓகே, ஆனா ஆழம் பத்தல" என்போம். வெளியாளுக்கு இது சுத்தப் பித்தலாட்டமாகத் தெரியும். காதுத் துளைக்குள் சொருகிய, கடலைப் பருப்பு அளவுள்ள ஸ்பீக்கருக்கு முன்னால் என்ன மேடை, என்ன ஆழம்? ஒலி கிளம்பும் இடத்துக்கும் செவிப்பறைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் பெரிது. ஆனாலும் பாடுகிறவர் என் நெற்றிக்குச் சற்று முன்னால் நிற்பதும், தபலா அவருக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பதும் எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. அதே பாட்டை வேறொரு இயர்போனில் போட்டால் எல்லோரும் ஒரே வரிசையில் குரூப் போட்டோவுக்கு நிற்கிறார்கள்.

அகலத்தை விளக்குவது சுலபம். இடது காதுக்கும் வலது காதுக்கும் போகிற ஒலிகளின் வித்தியாசம் அது, பெரும்பாலும் பதிவிலேயே இருக்கிறது. ஆழம்தான் மர்மம். காது தூரத்தை அளப்பதில்லை, ஊகிக்கிறது. சத்தம் எவ்வளவு, நேராக வருவதற்கும் சுவரில் பட்டு வருவதற்கும் என்ன விகிதம், மேல் அதிர்வெண்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று கணக்குப் போடுகிறது. பக்கத்தில் விழுந்த இடி படீரென்று வெடிக்கும். நாலு ஊர் தள்ளி விழுந்தது உருண்டுகொண்டே வரும். காற்று மேல் அதிர்வெண்களை வழியிலேயே தின்றுவிடுகிறது, கீழ் அதிர்வெண்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஒரு அறைக்குள் இந்தத் தேய்மானம் ஒன்றுமே இல்லைதான். ஆனால் 'கூர்மை போனால் தூரம்' என்ற பாடத்தை மூளை எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டது.

இயர்போனின் டியூனிங் விளையாடுவது இந்த மனப்பாடத்தோடுதான். நம் காதுக் குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம், ஒரு முனை மூடியது. புல்லாங்குழல் மாதிரி அதற்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு. கிட்டத்தட்ட 3 கிலோஹெர்ட்ஸ். அந்த இடத்தில் வெளியொலியைக் காதே 10 டெசிபலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறது, பிறந்ததிலிருந்து இப்படியே கேட்டு வளர்ந்திருக்கிறோம். இயர்போனைச் சொருகியதும் குழாய் அடைபடுகிறது, அந்தச் சுருதி கெடுகிறது. ஆக, பறித்ததை இயர்போனே திருப்பித் தரவேண்டும். எவ்வளவு தருவது என்பதில்தான் சண்டை. ஜெர்மனியில் குந்தர் டைலே 1986இல், எல்லாத் திசையிலிருந்தும் ஒலி சூழும் களத்தை ஸ்டூடியோ ஹெட்போன்களுக்கு அளவுகோலாக வைக்கச் சொன்னார். அமெரிக்காவில் ஹர்மனின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2013 வாக்கில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பதை அடிப்படையாக வைத்து, எது பிடிக்கிறது என்று ஆட்களிடமே கேட்டுக் கேட்டு ஒரு கோடு வரைந்தார்கள். இன்று இரண்டாயிரம் ரூபாய் இயர்போன்கூட அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயோ, வேண்டுமென்றே விலகியோதான் செய்யப்படுகிறது.

நான் இதைச் சோதித்தது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில். 1986இல் வந்தது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் தெளிவாக ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பில் ஒரு பாராமெட்ரிக் ஈக்யூ, 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு அகலமான பட்டை. 3 டெசிபல் குறைத்தேன். வயலின் இரண்டடி பின்னால் போய், கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. 3 டெசிபல் கூட்டினேன். மூக்குக்கு முன்னால் வந்து வில்லை உரசியது. பதிவில் எதுவும் மாறவில்லை. (இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிட வேண்டும். காதுக்கு உணர்வு அதிகமுள்ள இடம் அதுதான், அங்கே குறைத்தாலே மொத்தமும் சன்னமாகிவிடும், சன்னமானாலே தூரமாகத் தெரியும்.) அடுத்து 200 ஹெர்ட்ஸைச் சுற்றிக் கொஞ்சம் ஏற்றினேன். ஆழம் அப்படியே மூடிக்கொண்டது. கீழ் ஒலிகள் தமக்கு மேலே இருக்கும் சன்னமான ஒலிகளை மறைக்கும், அறையின் எதிரொலி வால் எல்லாம் அந்தச் சன்னத்தில்தான் இருக்கிறது. வால் போனால் அறை போச்சு.

ஜெர்மனியின் யென்ஸ் பிளாவெர்ட் 1969இலேயே இதைவிட விசித்திரமானதைக் காட்டிவிட்டார். குறுகிய பட்டை இரைச்சலை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ எழுப்பினாலும், அது எங்கிருந்து வருவதாகக் கேட்கும் என்பதை அதிர்வெண்ணே முடிவுசெய்கிறது. 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பின்னாலிருந்து, 8 பக்கம் தலைக்கு மேலிருந்து, 4 பக்கம் முன்னாலிருந்து. நிறமே இடமாகிவிடுகிறது. கேபிளை மாற்றினால் ஆழம் கூடும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அது கல்யாண வீட்டில் ஜாதகத்தை மறுப்பது மாதிரி.

இந்த வரைபடங்களையெல்லாம் கரைத்துக் குடித்திருந்த காலத்தில்தான் அப்பாவின் ஆடியோகிராம் என் கைக்கு வந்தது. அப்பா கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் ரிங் ஃப்ரேமில் சைடர். உள்ளே பேசவே முடியாது, கையைக் காட்டித்தான் பேச்சு. பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்களாம். அதற்குமேல் பாதுகாப்பு என்று எதுவும் கிடையாது.

ஆடியோகிராமும் அதிர்வெண் வரைபடம்தான், தலைகீழாகப் போட்டது, அவ்வளவே. 250 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், பழுதில்லை. 1 கிலோஹெர்ட்ஸில் 25. இரண்டில் 40. நான்கில் 65க்குக் குழி விழுந்து, எட்டில் 55க்கு மேலேறியது. இரைச்சலில் வேலை பார்த்த காதுகளுக்கென்றே உள்ள குழி அது. காதுக் குழாய் தூக்கிக் கொடுக்கும் அந்தப் பகுதியை ஒட்டித்தான் அடியும் பலமாக விழுகிறது. நான் 2 டெசிபல் குறைத்துக் காசு கொடுத்து வாங்குகிற தூரத்தை, மில் அவருக்கு 40 டெசிபலாக இலவசமாகக் கொடுத்திருந்தது.

அப்பா ஒருநாளும் "காது கேக்கல" என்று சொன்னதில்லை. "நீங்கெல்லாம் அந்தாண்ட ரூம்ல இருந்து பேசறாப்ல இருக்குது சாமி" என்பார். உயிரெழுத்து கேட்கும், மெய் கேட்காது. 'பத்து'க்கும் 'பட்டு'க்கும் வித்தியாசம் சொல்லும் அந்தச் சின்ன வெடிப்பு, குழியில் விழுந்துவிடும். குரல் வந்து சேரும், சொல் வராது. அந்த எண்களை ஈக்யூவில் போட்டு ஒரு ராத்திரி கேட்டுப் பார்த்தேன். வயலின் பின்னால் போகவில்லை, வீட்டை விட்டே போய்விட்டது. அம்மாவின் வாய்ஸ் நோட் ஒன்றையும் போட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது மாதிரி இருந்தது. இதுவும் பாதி உண்மைதான். அடிபட்ட காது வெறும் ஃபில்டர் இல்லை. கேட்காத எல்லையைத் தாண்டியதும் சட்டென்று எல்லாமே அதிக சத்தமாகிவிடும். அதை ஈக்யூவில் செய்ய முடியாது.

காது மெஷின் மாட்டிய முதல் வாரம் அப்பாவுக்கு நரகம். ஆடியாலஜிஸ்ட் சின்னப் பெண். கணக்குப்படி தரவேண்டியதைவிடக் குறைவாகத்தான் ஏற்றியிருந்தார், மூளை பழகப் பழகக் கூட்டுவார்களாம். அதற்கே அப்பா, "அம்மிணி, எல்லாரும் மூஞ்சிக்கு முன்னால வந்து நின்னு பேசறாங்க. பாத்தரம் கழுவற சத்தம் பல்லுல கூசுது" என்றார்.

"பழகிரும்ப்பா. இத்தன வருஷம் தூரமாவே கேட்டுட்டீங்கல்ல."

"தூரமா இருந்தாத்தான அம்மிணி நெம்பப் பேரு நல்லவங்களாத் தெரியறாங்க."

அவர் சிரித்துவிட்டார். மூன்றாவது சிட்டிங்கில் பாட்டுக்கென்று தனியாக இரண்டாவது புரோகிராம் வைத்துக் கொடுத்தார். பேச்சை முன்னுக்கு இழுக்கும் வேலைகளைக் குறைத்து, சத்தங்களைக் கொஞ்சம் அதனதன் போக்கில் விட்டது. அப்பா இப்போது சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, போனில் பழைய பாட்டு போட்டுக்கொண்டு, மெஷின் பொத்தானை அமுக்கி அதற்கு மாறிக்கொள்கிறார். போன வாரம் நான் போயிருந்தபோது ஒரு புகார் வைத்தார். "பின்னால வாசிக்கறவன் இப்பத்தான் தெரியறான். ஆனாப் பாடறவன் இன்னுங் கொஞ்சந் தள்ளி உக்காந்தாத் தேவல."

எந்த இயர்போன் விமர்சனத்திலும் இதைவிடத் துல்லியமாக நான் படித்ததில்லை. 3 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபல் இறக்கச் சொல்லலாம் என்றேன். பேச்சுக்கான புரோகிராமிலும் சேர்த்தே இறக்கச் சொல்லிவிடு என்றார்.

அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "ஏனுங்க, அதை எறக்கிட்டு நான் கூப்படறது கேக்கலன்னு சொன்னீங்க, பாத்துக்கோங்க."