தன்னைத் தானே தூக்கிய மாமா
(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

பாலிடெக்னிக்கில் கால் வைத்த நாளிலிருந்து நம் காதில் அதிகமாக விழுந்த வார்த்தை எது? "அரியர்" என்பீர்கள். இல்லை. "தொடாதே!" அந்த மீட்டரைத் தொடாதே, இந்த லீவரைத் தொடாதே, ஓடுகிற லேத் பக்கமே போகாதே. நியாயம்தான். பத்து விரலோடு வந்தவன் பத்து விரலோடு வீடு போய்ச் சேர வேண்டாமா? ஆனால் "வாங்க, தொடுங்க, இழுங்க, திருகுங்க" என்று அழைக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலியில், கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையோரம். மாவட்ட அறிவியல் மையம் என்று பெயர். 1987-ல் திறந்தது. இத்தனை வருடமாக அங்கே இருக்கிறதாம். வேடசந்தூர்க்காரனுக்கு யார் சொன்னார்கள்?

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகப் போனோம். காலை ஒன்பதுக்கே தாலி கட்டியாகிவிட்டது, ரயிலோ ராத்திரிக்கு. நடுவில் கிடந்த ஒரு முழுப் பகலுக்கு என்னோடு ஒட்டிக்கொண்டவர் என் தாய்மாமா. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குப் பூட்டுப் போட்டவர், சாவியை அப்புறம் தேடவே இல்லை.

முதலில் நெல்லையப்பர் கோயில். அங்கே இசைத் தூண்களைப் பார்த்தோம். ஒரே கல்லில் நடுவே ஒரு பெரிய தூண், சுற்றிலும் கரும்புக் கட்டு மாதிரி சிறு சிறு தூண்கள். ஒருவர் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். நான் ஸ்வரம் கேட்டேன். மாமா வேறு எதையோ கேட்டார்.

"கீறல் இல்ல மாப்ள. ஒட்டு இல்ல. இருந்தா இப்படிக் கணீர்னு வராது, பொத்துனு வரும். வார்ப்பு இரும்பை நாங்க தட்டித்தானே வாங்குறோம்?"

கிரைண்டிங் வீலை மாட்டும் முன் தட்டிப் பார்க்கச் சொல்லி நம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக் கொடுத்தார்களே, ரிங் டெஸ்ட், அதேதான்! நான் அதை இரண்டு மார்க் கேள்வியாக மட்டுமே அறிந்தவன்.

அங்கிருந்து அறிவியல் மையம். உள்ளே போனதும் கோணல் கண்ணாடிகள். ஒன்றில் மாமா தென்னை மரம், அடுத்ததில் குதிர். "இந்த ஒல்லிக் கண்ணாடி என்ன விலைன்னு கேளு, உங்க அத்தைக்கு வாங்கிட்டுப் போவோம்" என்றார். பிறகு முடிவில்லாக் கிணறு. எதிரெதிரே இரண்டு கண்ணாடி, நடுவில் விளக்கு. எட்டிப் பார்த்தால் விளக்கு வரிசை பாதாளம் வரை போகிறது. மாமா ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "நம்ம வேடசந்தூர்ப் பக்கத்துக் கிணறுதான்டா இது. எவ்வளவு எட்டிப் பாத்தாலும் தண்ணி தெரியல" என்றார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கிணறே அதிர்ந்தது.

இப்படித் தொட்டு விளையாடும் காட்சிசாலைகளுக்குப் பெரிய அண்ணன் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரடோரியம், 1969-ல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். 2023-ல் வந்த சினிமாவைப் பார்த்தவர்களுக்கு இவருடைய அண்ணன் ராபர்ட்டைத் தெரியும், அணுகுண்டு விஞ்ஞானி. தம்பிக்கு, பழைய கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பால் 1949-ல் பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோவில் மாட்டுப் பண்ணை வைத்துப் பல வருடம் ஓட்டினார். "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று நம்மைத் திட்டும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்! பிறகு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி, பிள்ளைகளைப் பழைய சாமான் கிடக்கும் குப்பைமேட்டுக்கே கூட்டிப் போய், அங்கே பொறுக்கியதை வைத்து இயற்பியல் நடத்தினார். அவருடைய காட்சிசாலையில் விஞ்ஞானிக்குச் சமமாக ஓவியருக்கும் இசைக்காரருக்கும் இடம் உண்டு. எங்கள் மாமா போயிருந்தால் அவருக்கும் ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்பது என் கட்சி.

இனி தலைப்புக்கு வருகிறேன். ஓர் இருக்கை, மேலே கப்பிகள், கயிற்றின் முனை உட்கார்ந்தவர் கையிலேயே. அவரே இழுத்து அவரையே தூக்கிக்கொள்ள வேண்டும். எண்பது கிலோ மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கப்பி குறைவான இருக்கையில் முகம் சிவந்தது, இருக்கை அசைந்தது. கப்பி அதிகமான அடுத்ததில் சும்மா சரசரவென்று மேலே போய்விட்டார்! பிள்ளைகள் கைதட்டினார்கள். மாமா மட்டும் அந்தரத்தில் தொங்கியபடி, கையில் சேர்ந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல இவ்வளவு கயிறு வரல மாப்ள. கனம் எங்கயும் போகல. அதைக் கயித்து நீளத்துல பிரிச்சுக் குடுத்துட்டான், அவ்வளவுதான்."

மெக்கானிக்கல் அட்வான்டேஜ், வெலாசிட்டி ரேஷியோ என்று நான் நான்கு பக்கம் எழுதிப் படம் போட்டது ஒன்றரை வரியில் முடிந்தது. எண்பது கிலோவை இறக்கிவிட வேறு யாரும் முன்வராததால் நானே கயிற்றைப் பிடித்தேன்.

கடைசியாகத் தோட்டத்தில் இரண்டு பெரிய கிண்ணங்கள். ஒன்றுக்கொன்று எதிராக, வெகு தூரத்தில். பரவளையத்தின் குவியத்தைக் கண்டுபிடி என்று கணக்குத் தாளில் நம்மைப் பாடாய்ப் படுத்துவார்களே, அந்தக் குவியம் இங்கே நிஜமாகவே இருக்கிறது. அங்கே வாயை வைத்து முணுமுணுத்தால், ஒலி கிண்ணத்தில் பட்டு நேர்க்கோடாகப் போய், எதிர்க் கிண்ணத்தின் குவியத்தில் சேரும். நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. மாமா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஏதோ கிண்டல் வரப்போகிறது என்று காதை வைத்தேன்.

"மாப்ள... பட்டறையை மூடிரலாம்னு இருக்கேன். நீ படிச்சு முடிச்சிட்டு வருவியா, இல்ல நான் சாமானை எடைக்குப் போட்றவா?"

எதிரே பார்த்தேன். மாமா முகத்தைக் காணோம், முதுகுதான் தெரிந்தது. முகத்துக்கு முன்னால் அவர் இதுவரை கேட்காத கேள்வி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தச் சான்று வந்ததால் அலிகார் மெஷின் பூட்டின் விலை ஏறிவிடுமா? ஆறு பேர் அரம் பிடித்த பட்டறையில் இப்போது மாமாவும் ஒரு பெரியவரும் மட்டும். லீவர் எத்தனை, எது எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும், எல்லாமே இவர்கள் விரலில் இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இல்லை.

எனக்கோ கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஆசை. வருவேன் என்று சொன்னால் பொய். வரமாட்டேன் என்று கிண்ணத்துக்குள் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒரு வருஷம் எடைக்குப் போடாதீங்க மாமா. எல்லாப் பூட்டையும் அளந்து டிராயிங் போட்டுக்கிறேன். அப்புறம் பேசுவோம்" என்றேன். அந்த முதுகு சிறிது நேரம் அசையவில்லை. பிறகு, "சரி, வா, டீ குடிப்போம்" என்று கிண்ணத்திலிருந்து வந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்டுக்கல் பஸ். பையில் வெர்னியர் காலிப்பர். மாங்காய்ப் பூட்டு ஒன்றை முழுக்கக் கழற்றி அளந்து, கேட் சாப்ட்வேரில் பதினொரு தாள் போட்டாயிற்று. போன வாரம் அந்த அளவுக்கே மாமா ஒரு லீவரை வெட்டி மாட்டினார். சாவி திரும்பவில்லை. அளவை மறுபடி பார்த்தோம், அப்படியே இருந்தது. மாமா லீவரைக் கழற்றி, அரத்தால் ரெண்டே ரெண்டு ராவு ராவி மாட்டினார். 'டக்'கென்று திறந்தது.

"இந்த ரெண்டு ராவை எந்தத் தாள்ல எழுதுவ?" என்றார்.

பன்னிரண்டாவது தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.