கப்பலில் கக்கூஸ் யார் கழுவுவது?

"ராக்கெட் கதையா? வேலவெட்டி இல்லாதவன் படிக்கிறது" என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். நியாயந்தான். பச்சை மனுசன், லேசர் துப்பாக்கி, அசட்டு வசனம் என்று வந்து விழுந்தவை நிறைய. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் அதைவிடச் சேதியோடு பேசுவான்.

1941இல் வில்சன் டக்கர் என்ற அமெரிக்கர் இவ்வகைக் கதைகளுக்கு 'ஸ்பேஸ் ஆபரா' என்று பெயர் வைத்தபோது அது திட்டாகத்தான் இருந்தது. பிறத்தியார் வைத்த இழிபெயரைச் சுமப்பது என்னவென்று நமக்குத் தெரியும். அந்தப் பெயருக்குள்ளிருந்துதான் பிறகு கனமான எழுத்தும் வந்தது.

திண்டிவனத்தில் எங்களோடு உட்கார்ந்து படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அக்கா, கோமாளித்தனம் இல்லாத விண்வெளிக் கதை இருந்தா சொல்லுங்க." என்னிடம் ஒரே அளவுகோல்தான். கப்பல்ல கக்கூசு யாரு கழுவுறா? எரிபொருள யாரு தோண்டுறா? இதுக்குப் பதில் வச்சிருக்கிற கதையப் படி. இல்லன்னா கீழ வை.

உர்சுலா லெ குவின் 1974இல் எழுதிய 'தி டிஸ்பொசஸ்ட்' பதில் வைத்திருக்கிறது. அனாரஸ் என்ற உலகில் அழுக்கு வேலையைப் பத்து நாளைக்கு ஒருநாள் ஆளாளுக்கு முறைவைத்துச் செய்கிறார்கள். பிறப்பைப் பார்த்து யார் தலையிலும் கட்டுவதில்லை.

சாமுவேல் டிலேனி கறுப்பர். 1968இல் வந்த அவரது 'நோவா'வில் விண்கலத் தலைவனின் தாய் செனகல் வழி வந்தவள். பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பல் அதைத் தொடராகப் போட மறுத்தார். கறுப்பு நாயகனோடு தன் வாசகர்களால் ஒட்டமுடியாது என்பது காரணம். 1998இல் எழுதிய கட்டுரையில் டிலேனியே இதைச் சொல்கிறார். நட்சத்திரம் வரைக்கும் போகலாம், ஆனா நீ ஓட்டக்கூடாது!

ஆன் லெக்கி 2013இல் எழுதிய 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' ஒரு பேரரசைப் பற்றியது. பிடித்த நாட்டு மக்களின் உடல்களையே அது தன் படையாக்கிக்கொள்கிறது. அவர்கள் மொழியில் குடிமகனும் நாகரிகமானவனும் ஒரே சொல். வெளியே இருப்பவனுக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. 'ஊர்' என்றால் அதில் சேரி சேராது என்று வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

நம்மவர்களும் வந்துவிட்டார்கள். தலித் எழுத்தாளர் மிமி மண்டல், ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் பற்றிய நூலின் தொகுப்பாளர்களில் ஒருவர். அதற்காக 2018இல் ஹ்யூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2024இல் சாதியெதிர்ப்பு அறிவியல் புனைவுகளைத் தனித் தொகுப்பாகவே போட்டது.

நான் இவற்றை அகராதியோடு மல்லுக்கட்டி இங்கிலீஷில் படித்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வாய்க்காது. மொழிபெயர்ப்பது நம் வேலை. அதைவிட முக்கியம், நாமே எழுதுவது.

2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். எங்க ஊரே கொண்டாடியது. அதற்கு எட்டு மாதம் முன்பு, 2022 டிசம்பரில், வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. இரண்டும் ஒரே நாடு, ஒரே காலம். இதை ஒரே கதையில் எழுதுகிறவருக்கு விண்வெளி விளையாட்டாக இருக்காது. நிலாவிலும் ஊர் எது, சேரி எது என்று எவனாவது கோடு கிழிப்பதற்குள் நாம் எழுதியாக வேண்டும்.