விண் கூவிய வாடை நாள்கள்

பஸ் வல்லை வெளிக்குள் இறங்கினதும் காற்றின் குணம் மாறிவிடும். இரண்டு பக்கமும் உவர்நிலம், தரவை, தண்ணீர். ஒதுங்க ஒரு மரம் இல்லை. சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு நடப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஓடுகிற 750 பஸ்ஸில் இந்த வெளியை நான் நாளுக்கு இரண்டு தரம் கடக்கிறேன். கந்தோர்க் கடதாசிகள் பறக்காமல் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி வருவதே பழக்கமாகிவிட்டது.

போன தை மாதத்தில் ஒருநாள், வேலை முடிந்து வருகையில், முன்சீற்றிலிருந்த ஒரு பெடியன் கண்ணாடியைத் திறந்தான். காற்றோடு ஒரு சத்தமும் உள்ளே வந்தது. வண்டு ரீங்காரம் போலத் தொடங்கி, தடித்து, இறங்கி, மறுபடியும் ஏறுகிற சத்தம். பட்டத்தில் பூட்டுகிற விண். தலையை நிமிர்த்தி வானத்தைத் தேடினேன். தொண்டைமானாற்றுப் பக்கமாக, வெகு உயரத்தில், ஒரு எட்டுமூலைப் பட்டம் அசையாமல் நின்றது.

வாடை தொடங்கி இரண்டு மாதமாகியிருந்தது. அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வட்டி வீதம் எந்தத் தேதியில் மாறியது என்று கேட்டால் சொல்லியிருப்பேன். காற்று எப்போது மாறியது என்று தெரியாமல், கடற்கரையில் பிறந்த நான் கண்ணாடியை மூடிக்கொண்டு போய்வந்திருக்கிறேன். அந்த எண்ணம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. அன்றிரவு முழுவதும் மனம் குஞ்சியப்புவிடமே போய் நின்றது.

ஐயாவின் தம்பி அவர். கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு, ‘காலையில் கோட்டையில் ஏறினால் பின்னேரம் ஊர்’ என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். குஞ்சியப்பு ஏறுவது இரவு மெயில். பகல் வண்டியில் வந்தால் ஒரு பகல் வீணாகிவிடுமாம். தைப்பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முந்தி, விடியப்புறம் கொடிகாமத்தில் இறங்கி, பஸ் பிடித்து வந்து படலையைத் திறக்கும்போது அவருடைய நீளக் காற்சட்டையில் ரயில் கரி ஒட்டியிருக்கும். ஆச்சி கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்து முடிக்குமுன் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வளையில் செருகியிருக்கும் மூங்கிலை உருவிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிவிடுவார்.

அவருக்குக் கவலை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கலியாணத்துக்கு இரண்டு தங்கைச்சிமார் இருந்தார்கள். காணி ஈட்டில் இருந்தது. கொழும்பில் ஓர் அறையில் நாலு பேராக இருந்து, கடைச் சாப்பாடு சாப்பிட்டு, மாதச் சம்பளத்தில் பாதியை மணியோடராக ஊருக்கு அனுப்புகிற மனுசன். ஆனாலும் அந்த முற்றத்தில் குந்தியிருந்து அவர் மூங்கில் சீவுவதைப் பார்த்தால், உலகத்தில் அதைவிட முக்கியமான வேலை வேறு இல்லையென்றே தோன்றும்.

மூங்கிலைப் பிளந்து, கணு தட்டி, சீவிச் சீவி மெலிதாக்குவார். சீவின சலாகையின் நடுவை ஒரு விரலில் வைத்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு சீவல். சலாகைகளை வைத்துக் கட்டி, சுற்றிவர நூல் இழுத்தால் எட்டுமூலை. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை கிண்டுவது என் வேலை. ரிசுப் பேப்பரை மூலை மூலையாக ஒட்டுவது அவருடைய வேலை. கொக்கு, பிராந்து, வௌவால், பாம்பு என்று பட்டத்தில் எத்தனையோ வகை. குஞ்சியப்புவுக்கு எட்டுமூலைதான். அதுவும் அவருடைய உயரத்துக்குக் குறையக் கூடாது.

பிறகு விண். கமுகஞ்சலாகையை வில்லாக வளைத்து, நாண் இருக்க வேண்டிய இடத்தில் பனைநாரை இழுத்துப் பூட்ட வேண்டும். அந்த நாரைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிக்கொண்டே இருப்பார். நார் தடித்தால் உறுமும், மெலிந்தால் கீச்சிடும். வில்லைக் கையில் பிடித்து வேகமாக வீசிப் பார்த்து, காதைச் சாய்த்து, மறுபடியும் சுரண்டுவார். ஒரு பின்னேரம் முழுவதும் இதிலேயே போகும். அந்தப் பின்னேரம் வீணாகப் போனது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வாலுக்கு ஆச்சியின் பழைய சேலை. எட்டுமூலைக்கு வால் அமைய வேண்டும். குறைந்தால் பட்டம் சுழன்று குத்தும். கூடினால் நிலத்தை விட்டு எழும்பாது. குசினிக்குள் இருந்து ஆச்சியே எட்டிப் பார்த்துக் கேட்பா:

“வால் காணுமோடா? இன்னும் ஒரு முழம் கிழிக்கட்டோ?”

“பொறணை, முதல் ஏத்திப் பாப்பம்.”

பிள்ளைகளின் விளையாட்டுக்குப் பெரியவர்கள் துணை வந்தார்கள் என்று இதைச் சொல்லிவிட முடியாது. பட்டம் பெரியவர்களுடைய சாமான். சின்னப் பெடியன்களான நாங்கள்தான் அவர்களுக்கு எடுபிடி. வெட்டையில் பட்டத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நான் நிற்பேன். எட்டுப் பனைத் தூரத்துக்கு அங்கால் குஞ்சியப்புவும் அவருடைய கூட்டாளிமாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் மீன்பிடிக்கிறவர், ஒருவர் சுருட்டுக் கொட்டிலில் வேலை, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார்.

“குஞ்சியப்பு, விடட்டோ?”

“பொறு, காத்து வரட்டும்... ம்ம்... விடு, விடு!”

விட்டதும் பட்டம் ஒருதரம் தலையை ஆட்டும். பிறகு ஆச்சியின் சேலை நிலத்தை விட்டெழும்பும். ஏறின பட்டம் பக்கம் சாய்ந்தால் இறக்கி, பட்டத்தைக் கயிற்றோடு இணைக்கிற முச்சையைப் பார்க்க வேண்டும். “காத்துக் கூடிப்போச்சு, மேல் முச்சையை ஒரு விரல் குறுக்கு” என்பார் வாத்தியார். ஒரு விரல் அளவில்தான் முழு வித்தையும் இருந்தது. கடலிலிருந்து வருகிற வாடை பட்டத்தை ஊருக்கு மேலே கொண்டுபோகும். கோயில் கோபுரம், பனை வடலி, எங்கள் வீட்டுக் கூரை எல்லாவற்றுக்கும் மேலே அது நிற்கும். அந்தக் கயிற்றின் இழுவை விளையாட்டான இழுவை இல்லை. 2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டமொன்று ஓர் இளைஞரைக் கயிற்றோடு மேலே தூக்கிப்போய், அவர் ஒருவாறு தப்பி இறங்கிய காட்சியை உலகமே கைத்தொலைபேசியில் பார்த்தது. அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும்போது மனம் வேறெங்கும் போகாது. ஈட்டுக் காசு, தங்கைச்சிமார், கந்தோரில் மேலதிகாரியின் முகம் எல்லாம் அந்த நேரத்தில் கையை விட்டுப் போயிருக்கும்.

பின்னேரம் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். பட்டம் இரவு முழுவதும் நிற்கும். பாயில் படுத்திருந்தால் ஊர்ப் பட்டங்களின் விண்கள் எல்லாம் கேட்கும். எது யாருடையது என்று குஞ்சியப்பு இருட்டுக்குள் சொல்லுவார். நடுச்சாமத்தில் சத்தம் இறங்கினால் காற்று விழுகிறது என்று அர்த்தம். உடனே எழும்பி அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

வாடை போனால் விளையாட்டும் போய்விடாது. சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் வரும். சிரட்டை தடித்த சின்னத் தேங்காய்களைத் தட்டித் தட்டித் தெரிந்தெடுத்து, மாதக்கணக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த அப்புமார் எங்கள் ஒழுங்கையில் இருந்தார்கள். ஒருவர் நிலத்தில் தேங்காயை வைக்க, மற்றவர் தன் தேங்காயால் ஓங்கி அடிப்பார். உடைந்தது தோற்றது. அதே நாள்களில் வேம்பில் ஊஞ்சல் கட்டுவார்கள். வருசம் முழுவதும் அடுப்படியை விட்டு வெளியே வராத அம்மாவும் மாமிமாரும் பலகையில் இரண்டு பேராக எழும்பி நின்று உழக்கி, கிளையைத் தொட்டுவிட்டு வருவார்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த இடங்களில் அந்த ஊஞ்சலடியும் ஒன்று. பெண்களுக்கு ஊர் கொடுத்த நாள்கள் குறைவு என்பதை இப்போது நினைக்கிறபோது நெஞ்சு கனக்கிறது. நிலாக்காலத்தில் கிளித்தட்டு. வளர்ந்த ஆம்பிளைகள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோடு மறிப்பார்கள். தட்டெல்லாம் கடந்து திரும்பினவன் “பழம்!” என்று போடுகிற சத்தம் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும்.

அந்த மனிதர்களுக்கு நேரம் மிச்சமாக இருந்தது என்று நாங்கள் இப்போது சொல்லிக்கொள்கிறோம். அது உண்மை இல்லை. துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தவர்கள் அவர்கள். கிணற்றில் அள்ளி, அம்மியில் அரைத்து, உரலில் இடித்துச் சீவித்தவர்கள். எங்களைவிட அவர்களுக்கு வேலை கூட. ஆனால் அவர்களுடைய வருசத்தில் விளையாட்டுக்கு ஓர் இடம் போட்டிருந்தது. விதைக்க ஒரு காலம், அருவி வெட்ட ஒரு காலம் என்பதுபோலப் பட்டத்துக்கு ஒரு காலம். அந்தக் காலம் வந்தால் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் அதை வேலை முடிந்தபின் மிஞ்சுகிற நேரத்துக்குத் தள்ளினோம். வேலை முடிவதில்லை, ஆகவே நேரம் மிஞ்சுவதுமில்லை.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் இடங்களை நான்காக எண்ணுகிறது. செல்வத்தோடும் அறிவோடும் காதலோடும் விளையாட்டையும் அது ஒரே வரிசையில் வைக்கிறது. உயர்தர வகுப்பில் இதைப் படித்துச் சோதனையும் எழுதினேன். விளங்கிக்கொள்ள இவ்வளவு காலம் எடுத்தது.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு குஞ்சியப்பு கொழும்பிலிருந்து மெயிலில் வரவில்லை. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. வேலையும் போனது, சேர்த்த சாமான்களும் போயின. அறையில் கூட இருந்தவர்களில் ஒருவரைப் பற்றிய தகவலே இல்லை. மாதக்கணக்காக அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தார். யாரோடும் கதைக்க மாட்டார். ஆச்சி வைக்கிற சோறு கோப்பையிலேயே காயும்.

மார்கழி பிறந்து வாடை ஏறியது. ஒருநாள் பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவர் வளையிலிருந்து மூங்கிலை உருவிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தில் குந்திச் சீவத் தொடங்கினார். நான் அடுப்பில் பசைக்குத் தண்ணீர் வைத்தேன். ஆச்சி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, பழசல்லாத ஒரு சேலையை எடுத்துவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனா. 1984 தைப்பொங்கலன்று அந்தப் பட்டம் எங்கள் கூரைக்கு மேலே நின்றது. அன்றிரவுதான் அவர் கதைத்தார். அதுவும் பட்டத்தைப் பற்றி. “தம்பி, விண் கொஞ்சம் உறுமுது, நாளைக்கு இன்னும் சுரண்ட வேணும்.”

நாளைக்கு என்று அவர் சொன்னதைக் கேட்டு, இருட்டுக்குள் ஆச்சி மூக்கை உறிஞ்சினது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளை விரித்துச் சொல்லப் போவதில்லை. 1987 மே மாதத்து இராணுவ நடவடிக்கையில் எங்கள் வடமராட்சி சிதறியது. 1990இல் யாழ்ப்பாணத்து ரயில் நின்றது. இரவில் வானத்திலிருந்து வருகிற சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடப் பழகினோம். அப்படி ஓடப் பழகின காதுக்கு விண் பிடிக்காமல் போனதோ என்னவோ. ரயில் 2014இல் திரும்பி வந்தது. பட்டமும் வந்துவிட்டது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் போட்டி நடக்கிறது. இளைஞர்கள் கப்பலும் பறவையுமாகப் பட்டங்களைக் கட்டி ஏற்றுகிறார்கள். சனம் ஆயிரக்கணக்கில் திரளும். அந்தக் கைகளின் வித்தையைப் பார்த்து நான் அசந்து நின்றிருக்கிறேன். ஆனால் என் வயதுக்காரர்கள் கரையில் நின்று படம் பிடிக்கிறோம். கயிறு எங்கள் கையில் இல்லை.

குஞ்சியப்பு மூங்கில் செருகி வைத்த வளை இப்போது இல்லை. ஓட்டு வீடு கல்வீடாகி, கூரையும் பிளாற் ஆகிவிட்டது. வல்லை வெளியில் விண் கேட்ட அடுத்த சனிக்கிழமை, அயல் வீட்டுக் காணியில் ஒரு மூங்கில் கேட்டு வாங்கினேன். விரலில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தாழ்ந்தது, சீவினேன். மறுபக்கம் தாழ்ந்தது. மகள் தன் கணக்குப் புத்தகத்தை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். அன்று பட்டம் இரண்டு தரம் குத்தியது. மூன்றாம் தரம் மேல் முச்சையை ஒரு விரல் குறுக்கினேன்.

“அப்பா, விடட்டோ?”

காற்றுக்குக் காத்து நின்றேன். அந்தக் காத்திருப்பில் ஒரு வேலையும் என் நினைவுக்கு வரவில்லை.

விண் பூட்ட எனக்கு இன்னும் கை வரவில்லை. அந்தப் பட்டம் ஊமையாகத்தான் ஏறியது. இந்த வருசக் கந்தோர் நாட்குறிப்பில், கணக்கு முடிக்கிற தேதிகளுக்கு நடுவில், மார்கழி முதலாம் தேதிக்கு எழுதி வைத்திருக்கிறேன்: பனைநார் எடுக்க வேண்டும். அன்று யார் கூட்டம் வைத்தாலும் எனக்கு வேறு வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் காற்று எப்போது மாறுகிறதோ, அந்தப் பக்கத்தில் நீங்களும் ஒரு வரி எழுதி வையுங்கள்.